இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள்

‘உடம்பெல்லாம் வலிக்குது’ என்பதை லெம்பா பெர்த்தாம் பக்கத்தில் யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. 1929-இல் கேமரன் மலையில் பெரிய அளவில் தேயிலை போடத் தொடங்கியதிலிருந்து சரிவில் நின்று கொழுந்து எடுத்தவர்களின் பிள்ளைகளும் பேத்திகளும் வாழும் ஊர் இது. முதுகில் கூடை, காலடியில் வழுக்கும் மண், விடியற்காலைக் குளிர். இத்தனைக்கும் பிறகு வலிக்காமல் என்ன செய்யும் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். வலியில் கிடப்பவரே அதைத்தான் சொல்வார்.

ஆனால் தோட்ட வேலையை விட்டுப் பல வருஷம் ஆன அம்மாவுக்கும் வலிக்கிறது, கொழுந்தே எடுத்தறியாமல் ரிங்லெட்டில் கடை வேலைக்குப் போகும் மகளுக்கும் வலிக்கிறது. கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று மூன்று மாதத்துக்கு மேல் இடம் மாறி மாறி வலித்து, விடிய விடியத் தூங்கி எழுந்தும் அசதி தீராமல், பேச்சின் நடுவே சொல்ல வந்த பெயரும் மறந்துபோகிறது என்றால், அதை வேலைக் களைப்பு என்று தள்ளக் கூடாது. ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம். நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்த நோய் எந்தச் சோதனையிலும் அகப்படாது. ரத்தம் சுத்தம், எக்ஸ்ரே சுத்தம். தசையிலோ மூட்டிலோ வீக்கம் கிடையாது. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைக் கையாளும் முறையில்தான் கோளாறு. திருவிழா மைக்செட்டில் முணுமுணுப்பும் அலறலாகக் கேட்பதுபோல, சாதாரண அழுத்தமும் இவர்களுக்கு வலியாகவே போய்ச் சேர்கிறது. தைராய்டு, சர்க்கரை, மூட்டுவாதம் போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுத்தான் மருத்துவர் இதற்குப் பெயர் வைக்க முடியும். கிளினிக் வரிசையில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா’ என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்தான் அதிகம். நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் வளைவுச் சாலையில் மலை இறங்கியாக வேண்டும். ஒரு நாள் சம்பளமும் போகும்.

ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பெண் எங்கே போவார்? பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போவார். என் கவலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே மடித்து வைத்த பொடி கிடைக்கும், மூலிகை உருண்டை கிடைக்கும், பெயர் ஒட்டாத மாத்திரையும் கிடைக்கும். ‘எல்லாம் வேர், பட்டை, இலை, பக்கவிளைவே இல்லை’ என்பார்கள். மலேசியச் சுகாதார அதிகாரிகள் இப்படிப்பட்ட பொருள்களைச் சோதித்து, உள்ளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டு எச்சரித்தது ஒருமுறை இருமுறை அல்ல. ஃபைப்ரோமயால்ஜியாவில் வீக்கமே இல்லாததால் ஸ்டீராய்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் சாப்பிட்ட சில நாளில் பசி எடுக்கும், உடம்பில் ஒரு தெம்பு ஏறும், கூடவே இருக்கும் முட்டிவலியும் அடங்கும். மருந்து கேட்டுவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பொட்டலம் போகிறது.

மாதங்கள் போகப் போக முகம் உப்பி வட்டமாகும். கை கால் மெலிந்து வயிறு பெருக்கும். லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு வலுவிழக்கும், வயிற்றில் புண் வரும். ‘சதை போட்டிருக்கிறாய், உடம்பு தேறிவிட்டது’ என்று உறவுக்காரர்கள் பாராட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். இதைவிடப் பெரிய ஆபத்து திடீரென்று நிறுத்துவதில் இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தானே அதைச் சுரப்பதைக் கைவிட்டிருக்கும். பொட்டலம் தீர்ந்த வாரத்தில் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே உலை வைக்கலாம்.

நாட்டு மருந்தால்தான் எழுந்து நடக்கிறேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பதிவு பெற்ற நல்ல வைத்தியரிடம் போனவர்களைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. வலிக்கிறவரின் அவசரத்தைக் காசாக்குகிறவர்கள்மீதுதான் கோபம்.

உண்மையில் பலன் தருவது மெதுவாகத்தான் பலன் தரும். ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்கள் 2016-இல் ஆய்வுகளையெல்லாம் அலசி உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. ‘நாளெல்லாம் மேடு ஏறி இறங்கினேன், இன்னும் என்ன பயிற்சி’ என்று தோட்டத்து அம்மாக்கள் கேட்பது நியாயம். ஆனால் சுமையோடு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது உடம்பைத் தேய்க்கும் வேலை. சமதளத்தில் கைவீசி ஐந்து நிமிடம் நடப்பதில் தொடங்கி, வாரங்கள் போகப் போக அரைமணி நேரத்துக்குக் கொண்டுபோவது வேறு. முதல் சில வாரம் வலி கொஞ்சம் கூடும். அதில் பயந்து விட்டுவிடுகிறவர்களே அதிகம். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்து அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதையும் விட்டாக வேண்டும். சீனப் பெரியவர்கள் காலையில் கூடிச் செய்கிறார்களே, அந்தத் தாய்ச்சியை 226 நோயாளிகளிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. வேகமான பயிற்சிக்கு நிகராக, சிலவற்றில் அதைவிட மேலாகவே அது பலன் தந்தது. தமிழர்களும் அவர்கள் பக்கத்தில் போய் நின்று செய்யலாம், தடுப்பார் யாருமில்லை. யோகாவும் ஆகும்.

அடுத்தது தூக்கம். நல்ல உடம்புக்காரர்களின் ஆழ்ந்த தூக்கத்தைக் கலைத்துப் பார்த்த 1975-ஆம் ஆண்டுச் சோதனையிலேயே அவர்களுக்கும் உடம்புவலி வந்தது. தேயிலை மலையில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன்: பிற்பகலுக்குப் பிறகு தே ஓ என்ற பாலில்லாத தேநீர் வேண்டாம். குளிரில் தசை இறுகும் என்பதால் படுக்கப் போகுமுன் வெந்நீர்க் குளியல் நல்லது. தைலம் தேய்த்து இதமாக நீவிவிடலாம். ‘எலும்பு நெரிய அமுக்கினால்தான் போகும்’ என்று கசக்குகிறவரிடம் போனால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. அக்குபங்சர் சிலருக்கு ஓரளவு உதவுகிறது. சட்டம் 775 என்ற பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இல் வந்திருக்கிறது. அதன்படி பதிவு இருக்கிறதா என்று ஊசி குத்துகிறவரைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

மருந்து வாங்கும்போது ‘மால்’ (MAL) என்ற பதிவு எண்ணும் ஒளிரும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் அந்த எண்ணைத் தேடிச் சரிபார்த்துக் கொடுக்கலாம்; போலி எண்ணும் அச்சடிக்கிறார்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் அப்படிப் பதிவில்லாத மருந்து எதையாவது சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். படிப்படியாக நிறுத்தும் வழியை மருத்துவர் சொல்வார்.