எந்த முனையம் கெட்டி?

கொழும்பு ஏலத்தில் விலைபோன பொகவந்தலாவைத் தேயிலை, அங்கேயே துறைமுகத்தில் கப்பலேறுகிறது. அங்கு பல கொள்கலன் முனையங்கள் இருக்கின்றன: அரசின் ஜயா முனையம், 1999இல் தனியார் கைக்கு வந்த எஸ்.ஏ.ஜி.டி., 2013இல் சீன முதலீட்டோடு இயங்கத் தொடங்கிய சி.ஐ.சி.டி. ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் எது திறமையானது?

பெட்டியை எண்ணினால் போதும் என்று தோன்றும். சி.ஐ.சி.டி. ஆண்டுக்கு 30 இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கின் அலகு 20 அடிப் பெட்டி. 40 அடிப் பெட்டியை ஒரே தூக்கில் இறக்கினாலும் இரண்டு என்றே எழுதுவார்கள். சிட்டகாங்கிலிருந்து சிறு கப்பலில் வந்து பெருங்கப்பலுக்கு மாறும் பெட்டி, இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை எண்ணப்படும். தேயிலைப் பெட்டிக்கு ஒரு தடவைதான். கொழும்பின் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இப்படி மாறிப்போகும் பெட்டிகளே.

மணிக்கு எத்தனை தூக்கு என்று பார்க்கலாமா? பாரந்தூக்கி பறக்கும், இடம் கிடைக்காத கப்பல் வெளியே நங்கூரமிட்டுக் காத்துக் கிடக்கும். அதனால்தான் 2021 முதல் உலக வங்கி வெளியிட்டுவரும் தரவரிசை, கப்பல் துறைமுகத்தில் செலவிடும் மொத்த நேரத்தை அளக்கிறது.

அப்போதும் வசதி வித்தியாசம் இருக்கிறது. சி.ஐ.சி.டி.யின் ஆழம் 18 மீட்டர். பழைய முனையங்களில் சுமார் 15. கவ்வாத்து வெட்டித் துளிர்க்கும் மலையிலும் கொழுந்து செழித்த மலையிலும் ஒரே கிலோவைக் கேட்டு, குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) போட்டால் தோட்டத்தில் யார் ஒப்புவார்கள்?

இதற்கொரு வழியை 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவர் கண்டார்கள். பள்ளித் திட்டங்களை ஒப்பிடப் பிறந்த முறை அது. துறை நீளம், பாரந்தூக்கிகள், முற்றப் பரப்பு ஒரு பக்கம். கையாண்ட பெட்டிகள் மறுபக்கம். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒவ்வொரு முனையமும் தனக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அதே மதிப்பை மற்ற முனையங்களுக்கும் போட்டுப் பார்க்கும்போது எதன் மதிப்பெண்ணும் 100ஐத் தாண்டக் கூடாது. இத்தனை சலுகைக்குப் பிறகும் ஒரு முனையம் 80 வாங்கினால் சாக்குச் சொல்ல முடியாது. அதன் வசதிகளில் 80 வீதத்தை வைத்தே அத்தனை பெட்டியையும் கையாள முடியும் என்பதை மற்றவர்களின் கணக்கு காட்டிவிடுகிறது.

ஆனால் 100 வாங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது. ஒப்பிட்ட கூட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, அவ்வளவுதான். எல்லோரும் மந்தமாக இருந்தாலும் ஒருவருக்கு 100 கிடைக்கும். ஆகவே கொழும்பு முனையங்களை அளக்கும்போது சிங்கப்பூரையும் அதே வரிசையில் நிறுத்த வேண்டும்.