அண்ணன் லேப்டாப்பில் விண்டோஸ் 11: ஏத்தலாமா, வேண்டாமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலைக்கு பஸ் ஏறுற நண்பர்கள் நம்ம கல்லூரியில் நிறைய பேர் இருக்காங்க. பல பேர் பையில் இருப்பது அண்ணனோ அக்காவோ பயன்படுத்தின பழைய லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வீட்டுக்கு வந்து, கை மாறி கை மாறி நம்மிடம் வந்து சேர்ந்தவையும் அதில் உண்டு. இப்போது அதில் ஒரு கேள்வி வந்து நிற்குது: விண்டோஸ் 10-லேயே இருக்கலாமா, மாறணுமா?

முதல்ல, என்ன நடந்தது? 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. லேப்டாப் நின்னுடாது, ஆனா புதுசா கண்டுபிடிக்கிற ஓட்டைகளுக்கு இனி இலவச அடைப்பு தானா வராது. "வந்தா பார்த்துக்கலாம்"னு விடுறவங்களுக்கு 2017-ஐ நினைவூட்டணும். அந்த மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும் மாட்டின. இத்தனைக்கும் அந்த ஓட்டைக்கான அப்டேட் இரண்டு மாதம் முன்னாடி, மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவங்கதான் மாட்டினாங்க.

அப்போ உடனே விண்டோஸ் 11 போட்டுடலாமா? அவசரம் வேண்டாம். மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, மெஷின் தாங்குமா? 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 எல்லாம் வேணும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி tpm.msc என்பதற்கான எழுத்துகளை, அதாவது டி-பி-எம்-புள்ளி-எம்-எஸ்-சி, அடிச்சா டிபிஎம் இருக்கான்னு தெரியும். இல்லைன்னு வந்தாலும் பயாஸில் அணைச்சு வைத்திருக்கலாம். அங்கேயும் ஒருமுறை பாருங்க. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸர் முதல்தான் சேரும். ஐ5-8250யு 8-ம் தலைமுறை. ஐ3-6006யு 6-ம் தலைமுறை, அது சேராது. சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏத்தலாம்தான். ஆனா அப்படி ஏத்தின மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரல. அப்டேட்டுக்காக மாறிட்டு அப்டேட்டையே சந்தேகத்தில் விடுறதில் என்ன லாபம்?

ரெண்டு, உங்க சாஃப்ட்வேர் ஓடுமா? மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் வேணும்னா விண்டோஸை விட முடியாது. சி, பைதான், ஆர்டுயினோ, கிகேட் போதும்னா லினக்ஸில் எல்லாமே நல்லா ஓடும். அரசு லேப்டாப் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது; நாமதான் திறந்தே பார்க்கல. லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டுவையோ பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க. வைஃபையும் சவுண்டும் வேலை செய்தா பாதிக் கவலை தீர்ந்தது.

மூணு, நேரமும் இடமும் சரியா? எங்க வகுப்புத் தோழன் ஒருத்தன், மலையில் வீட்டிலிருந்தபோது, ஃபைனல் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி அப்கிரேடை அழுத்திட்டான். பாதியில் கரன்ட் போச்சு. பழைய பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்கல. காலையில் லேப்டாப் எழவே இல்லை. ரிப்போர்ட் அதுக்குள்ளேயே மாட்டிக்கிச்சு. கைடுக்கு எப்பவோ மெயிலில் அனுப்பின பழைய பிரதியை வைத்து, நாலு பேர் உட்கார்ந்து மீதியைத் திரும்ப டைப் பண்ணினோம். அப்கிரேடில் தப்பு இல்லை, நாள்தான் தப்பு. பேக்கப் இல்லாதது அதைவிடப் பெரிய தப்பு.

அதனால செமஸ்டர் முடிஞ்ச பிறகு செய்யுங்க. ஃபைல் பல ஜிபி வரும். தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் மலையில் முயற்சி பண்ணாம, கல்லூரி வைஃபையில் இறக்கிப் பென்டிரைவில் எடுத்துட்டுப் போங்க. ப்ராஜெக்ட், சான்றிதழ் ஸ்கேன், போட்டோ எல்லாம் வேற ஒரு இடத்தில் காப்பி இருக்கணும். பிட்லாக்கர் இருந்தா அதன் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைங்க. சார்ஜரைப் போட்டுட்டே செய்யுங்க. பிடிக்கலைன்னா முதல் 10 நாளுக்குள் செட்டிங்ஸ் வழியாவே பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம்.

மெஷின் தாங்காது, விண்டோஸும் கட்டாயம் வேணும் என்பவங்களுக்கு ஒரு இடைவழி உண்டு. விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தா தனியாப் பணம் கட்ட வேண்டியதில்லை. அது தீர்வு இல்லை, தவணை. அந்தத் தவணைக்குள் லினக்ஸைப் பழகிக்கலாம், இல்லை வேற மெஷினுக்குச் சேர்த்து வைக்கலாம்.

சுருக்கமா: மெஷின் தாங்கினா லீவில் 11, தாங்கலைன்னா லினக்ஸ், ரெண்டும் முடியலைன்னா நீட்டிப்பு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், இன்னைக்கு ராத்திரியே பேக்கப் எடுத்துடுங்க.