லேப்பில் மினுக்கும் பெட்டி: சுவிட்சுகளைப் பற்றித் தெரிஞ்சுக்குவோமா?



சுவிட்ச் என்றதும் லைட் போடுகிற சுவிட்ச்தான் ஞாபகம் வருதா? நம்ம கம்ப்யூட்டர் லேப் மேஜைக்கு அடியில் பச்சை விளக்கு மினுக் மினுக்குனு எரியும் சின்னப் பெட்டி இருக்கே, அதுக்கும் சுவிட்ச்னுதான் பேர்.

அதைப் பற்றி நான் எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு விண்ணப்பம் ஏற்றும் கடைசி நாளில் நெட் நின்னு போச்சு இல்லையா? எல்லாரும் லைன் போச்சுன்னு நினைச்சீங்க. லைன் போகலை. காரணம் நான்தான். லேப்பைக் கூட்டும்போது ஒரு வயர் கழண்டு கிடந்துச்சு. சும்மா கிடக்கேன்னு பெட்டியில் செருகிட்டேன். அந்த வயரோட மறுமுனையும் அதே பெட்டியிலதான் இருந்திருக்கு! ஹெட்மாஸ்டர் சார் சிவகாசிக்கு பஸ் ஏறிப் போய், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நம்ம எல்லார் பேரையும் ஏற்றிவிட்டு ராத்திரிதான் வீட்டுக்குப் போனார். பாஸ் பண்ணி தேர்வானால் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருஷம் 1,000 ரூபாய் தரும் தேர்வு அது. நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

என் அண்ணன் பாலிடெக்னிக் முடிச்சுட்டு மதுரையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். அவன் ஊருக்கு வந்தப்ப கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன்.

சுவிட்ச் என்ன செய்யுது?

முன்னால் ஹப் என்று ஒரு பெட்டி இருந்தது. அது தண்டோரா மாதிரி. ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கத்திச் சொல்லும். சுவிட்ச் தபால்காரர் மாதிரி. எந்த ஓட்டையில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்குன்னு ஞாபகம் வச்சு, அதுக்கு மட்டும் கொடுக்கும். 1990-ல் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்ற கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? கல்பனா! அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994-ல் சிஸ்கோ கம்பெனி அதை வாங்கியது.

நான் செய்த தப்பு என்ன?

சில செய்திகளைச் சுவிட்ச் எல்லாருக்கும் அனுப்பியே ஆகணும். நான் செருகிய வயர் வழியாக அந்தச் செய்தி வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்று பலவாகப் பெருகி வழியெல்லாம் அடைச்சிருச்சு. இதுக்கு லூப்னு பேர். இதைத் தடுக்கும் முறையை 1985-ல் ராடியா பெர்ல்மன் என்ற பெண் கண்டுபிடித்தார். அதன் பெயர் ஸ்பானிங் ட்ரீ. பெரிய சுவிட்சுகள் லூப்பைக் கண்டால் ஒரு வழியைத் தானாகவே அடைத்துவிடும். நம்ம பெட்டிக்கு அந்த அறிவு கிடையாது. அதுக்கு நாம எதையும் சொல்லிக்கொடுக்கவும் முடியாது.

பெரிய சுவிட்சுகளுக்குள் கம்ப்யூட்டர் போலவே ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு. நாலு வகையைப் பார்ப்போம்.

1. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9000: இந்த வரிசை 2017-ல் வந்தது. 9200 சின்ன ஆபீசுக்கு, 9300 நடுத்தரம், 9400-உம் 9600-உம் பீரோ மாதிரி தட்டுத் தட்டாகக் கார்டு செருகுவது. ஆபரேட்டிங் சிஸ்டம் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. (ஐபோனில் இருப்பது வேற, இது வேற.) பழைய ஐ.ஓ.எஸ். முழுசும் ஒரே துண்டு. ஒரு பகுதி கெட்டால் எல்லாமே விழும். புதுசு லினக்ஸ் மேல் ஓடுது. வழக்கமாக இதில் கட்டளை அடிச்ச உடனே அமலாகும். ஆனால் சேமிக்க மறந்து கரண்ட் போனால் செய்த மாற்றம் போச்சு. நம்ம ஊருக்கு இது முக்கியம்!

2. ஜூனிப்பர் இ.எக்ஸ்.: ஜூனிப்பரை 1996-ல் தொடங்கியவர் பிரதீப் சிந்து என்ற இந்தியர். இ.எக்ஸ். சுவிட்ச் 2008-ல் வந்தது. சிஸ்டம் பெயர் ஜூனோஸ். இது ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு முறை. முதலில் ரஃப்பில் எழுதி, சரி பார்த்து, கமிட் என்று சொன்னால்தான் அமலாகும். இன்னொரு வசதியும் உண்டு. 10 நிமிஷத்துக்குள் நாம சரின்னு மறுபடி சொல்லலைன்னா பழைய நிலைக்குத் தானே திரும்பிடும். தப்பாகச் செய்துட்டு வெளியே மாட்டிக்கிட்டவங்களுக்கு இதுதான் உயிர்.

3. அரிஸ்டா: 2004-ல் தொடங்கியது. 2008-லிருந்து இதன் தலைவர் ஜெயஸ்ரீ உல்லால், டெல்லியில் பள்ளிப் படிப்புப் படித்தவர். சிஸ்டம் பெயர் இ.ஓ.எஸ்., இதுவும் லினக்ஸ்தான். முதலில் டேட்டா சென்டர்களுக்குச் செய்தார்கள். பிறகுதான் ஆபீஸ் கட்டடங்களுக்கு 720 வரிசை வந்தது. எல்லா மாடலிலும் அதே சிஸ்டம்தான். ஒரு வேலை நின்னு போனால் அதை மட்டும் மறுபடி தொடங்கும், மற்றது ஓடும்.

4. அரூபா சி.எக்ஸ்.: 6100, 6200, 6300 என்று போகும். சிஸ்டம் 2017-ல் புதிதாக எழுதியது. அமைப்பை அவ்வப்போது படம் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, தப்பானால் அந்த இடத்துக்குத் திரும்பலாம். அரூபாவை 2015-ல் ஹெச்.பி. வாங்கியது. 2025 ஜூலையில் அதே குடும்பத்து ஹெச்.பி.இ. ஜூனிப்பரையும் வாங்கிடுச்சு. இப்போ ஒரே வீட்டில் ரெண்டு சிஸ்டம்!

நாலுக்கும் பொதுவான குணம்

நம்ம பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்க ஒரு அறை, திரி செருக ஒரு அறைன்னு தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பாங்க. ஒன்றில் தீ பிடித்தால் அடுத்ததுக்குப் போகக் கூடாதுன்னுதான். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்ததை நம்ம ஊர்ப் பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. சுவிட்சிலும் அறை பிரிக்கலாம். அதுக்கு வி-லேன்னு பேர். லேப் ஒரு அறை, ஆபீஸ் ஒரு அறைன்னு பிரித்திருந்தால், லேப் பக்கம் நான் பண்ணிய தப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரை இந்த அளவு பாதிச்சிருக்காது.

அப்போ எது சிறந்தது?

அண்ணன் சிரிச்சான். "யார் பார்த்துக்கப் போறாங்கன்னு முதல்ல கேளு"ன்னான். ஊரில் அதைத் தெரிஞ்ச ஆள் இருக்கணும். பெட்டி விலையோடு வருஷக் கணக்கில் லைசன்ஸ் பணமும் உண்டான்னு பார்க்கணும். வெயிலும் பார்க்கணும். ஆபீஸ் சுவிட்சுகள் பல 45 டிகிரி வரைதான் தாங்கும். பூட்டிக் கிடக்கும் லேப் மே மாசம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? 1986-ல் கர்நாடகா கிட்டூரில் சி-டாட் வைத்த கிராம டெலிபோன் எக்ஸ்சேஞ்சை ஏ.சி. இல்லாமல் ஓடும்படி செய்தாங்களாம். அதுவும் ஒரு சுவிட்ச்தான். இடத்தைப் பார்த்துப் பொருள் செய்யணும், வாங்கணும்.

நம்ம லேப்புக்கு 9300 எல்லாம் வேண்டாம். லூப் தடுக்கிற, வி-லேன் பிரிக்கிற சின்னச் சுவிட்ச் ஒன்று போதும்.

சென்னையில் 2024 செப்டம்பரில் சிஸ்கோ, ஃப்ளெக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து தொழிற்சாலை திறந்தது. நெட்வொர்க் பெட்டி செய்யும் வேலையும் நம்ம மாநிலத்துக்கு வந்திருக்கு. பட்டாசு வேலைக்குப் போய் வரும் அம்மா, "நீயாவது மருந்து வாடை இல்லாத வேலைக்குப் போ"ன்னு சொல்றாங்க. நான் இதைத்தான் படிக்கப் போறேன்.

ஹெட்மாஸ்டர் சாரிடம் உண்மையைச் சொல்லிட்டேன். அவர் திட்டலை. "எந்த வயர் எங்கே போகுதுன்னு எழுதி ஒட்டு"ன்னார். அச்சகத்தில் மிச்சம் விழும் லேபிள் தாளை வாங்கி எல்லா வயரிலும் ஒட்டியாச்சு. அம்மா சொல்வதையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன்: தெரியாத திரியில் கை வைக்காதீங்க, கேட்டுட்டுச் செய்யுங்க!


எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி