அக்காவுக்கு வந்தால் தம்பிக்கும்

திட்டக்குடி பக்கத்து ஊர்களில் வயதான ஆண்களுக்கு இடுப்பு வலி என்றால் முன்பெல்லாம் வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார்கள். நீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று வீட்டில் சொல்லக் கூச்சம். ஒருநாள் அடியோடு அடைத்துக்கொண்டதும் வண்டி பிடித்துக் கடலூருக்கோ ஜிப்மருக்கோ ஓடி, வேட்டிக்குள் டியூபும் பையுமாகத் திரும்புவார்கள். அதற்குள் பலருக்குப் புராஸ்டேட்டில் கிளம்பிய புற்று முதுகெலும்புக்கு ஏறியிருக்கும். அப்பாவுக்குப் பின் மகனுக்கும் அதுவே வந்தால் தலையெழுத்து என்றார்கள்.

அந்தத் தலையெழுத்தில் ஒரு பகுதியை இன்று ரத்தத்தில் படிக்கலாம். பழுதானால் புற்றுக்கு வழிவிடும் மரபணுக்களில் 1994-இல் பிஆர்சிஏ1, மறு ஆண்டு பிஆர்சிஏ2 அடையாளம் காணப்பட்டன. மார்பகப் புற்றோடு பெயர் ஒட்டிக்கொண்டதால் பெண்கள் சமாசாரம் என்றே ஆகிவிட்டது. பழுதான மரபணு பெற்றோரில் யாரிடமிருந்தும் மகனுக்கு வரலாம். வாய்ப்பு பாதிக்குப் பாதி. இம்பாக்ட் என்ற பன்னாட்டு ஆய்வு 2019-இல் சொன்னது: பிஆர்சிஏ2 பழுதுள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று மற்றவர்களைவிட இளவயதிலேயே தெரியவருகிறது, மூர்க்கமாகவும் இருக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு 40 வயதிலேயே, புராஸ்டேட் புரதமான பிஎஸ்ஏவை அளக்கும் ரத்தப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். பிஎஸ்ஏ கூடினாலே புற்று என்று பதற வேண்டாம். வயதாகும்போது வரும் புராஸ்டேட் வீக்கமும் சிறுநீர்த் தொற்றும்கூட அதை ஏற்றும். பெரும்பாலும் எம்ஆர்ஐ பார்த்த பிறகே பயாப்சி.

வசதி வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கிறது. ஆணுக்கு வாயோடு சரி. அக்காவின் மார்புக் கட்டி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டு, ரத்தம் கொடுத்து, ராத்திரி வராந்தாவில் படுத்த தம்பியிடம் "நீயும் கேட்டுப் பார்" என்று யாராவது சொல்கிறார்களா? எனக்கு ஆறாத வருத்தம் இதுதான். பெண் கொடுக்க மாட்டார்கள் என்று நோயை மறைக்கும் குடும்பங்களில் அந்தத் தம்பிக்கு விஷயமே எட்டாது.

அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பரம்பரைப் புற்றுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகிறவர்கள் அத்தை, சித்தி, பெரியப்பா, தாய்மாமன் என்று இருவழியிலும் யாருக்கு எந்த வயதில் என்ன புற்று வந்தது என்பதை எழுதிக்கொண்டு, பழைய பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போகட்டும். நோய் கண்டவர் உயிரோடு இருந்தால் அவரையும் அழைத்துப் போவது நல்லது. முதல் பரிசோதனை பெரும்பாலும் அவர் ரத்தத்தில்தான்.