எட்டாம் மாதத்திலும் நடவுக்குப் போகிறவள்

கருவுற்ற பெண் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும், பழம் சாப்பிட வேண்டும், மனதை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். நல்ல அறிவுரைதான். ஒரு நாள் கூலி நின்றால் மறுநாள் அடுப்பு எரியாத வீட்டில் இதை யார் போய்ச் சொல்வது? எட்டாம் மாதத்திலும் சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்கள் நம் காலனிகளில் இருக்கிறார்கள். செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர்கள், கரும்பு வெட்டப் போன ஊரில் குடிசை போட்டுத் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு நாற்பது நாள் ஆவதற்குள் களையெடுக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பிரசவத்துக்கான முதல் ஏற்பாடு தொட்டிலும் துணியும் அல்ல. வேலைக்குப் போகாமல் இருக்க முடிகிற சில மாதங்கள்தான்.

அம்பேத்கர் கேட்ட ஓய்வு

இந்த ஓய்வைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான பேறுகால உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, அதன் செலவில் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டு, 1929இல், அது சட்டமானது. அவரும் ரமாபாயும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவரைத் தவிர மற்ற நால்வரும் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் வலியை அறிந்தவர் அவர்.

நாடு முழுமைக்குமான பேறுகாலப் பயன் சட்டம் 1961இல் வந்தது. 2017இல் செய்த திருத்தத்தால் விடுப்பு 26 வாரம் ஆனது. அது முக்கியமாக ஆலைகளுக்கும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும்தான். வயலில் கூலி வேலை செய்கிற பெண்ணுக்கு முதலாளி இன்று ஒருவர், நாளை ஒருவர். அவளுக்கு யார் விடுப்பு கொடுப்பது?

அந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்புவது தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987இல் தொடங்கிய இதில் இப்போது 18,000 ரூபாய் தரப்படுகிறது. 14,000 ரூபாய் பணமாக, தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கிடைக்கும். அந்த 14,000 ரூபாயை 26 வாரத்துக்குப் பங்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 77 ரூபாய் வருகிறது. நூறு நாள் வேலைக்கே 2024-25ஆம் ஆண்டில் அறிவித்த கூலி 319 ரூபாய். இந்த உதவி ஒரு தாயை ஆறு மாதம் வீட்டில் உட்கார வைக்காது. அதோடு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் என்று நிபந்தனைகளும் உண்டு. சீக்கிரம் மணம் முடித்து வைக்கப்பட்ட பெண்ணும், மூன்றாவது பிள்ளை சுமக்கிறவளும்தான் பெரும்பாலும் ஏழையிலும் ஏழை. அவர்களை வெளியே நிறுத்துகிறது இந்த நிபந்தனை. தொகையை உயர்த்து, நிபந்தனையை நீக்கு என்று கேட்பது நம் இயக்கங்களின் வேலை. அதுவரை, இருக்கிற உரிமையில் ஒரு ரூபாயையும் விட்டுவிடக் கூடாது.

வீட்டின் முதல் பட்டதாரிக்கு ஒரு வேலை

இதைப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் அக்காவோ அண்ணியோ கருவுற்றிருந்தால் உங்கள் படிப்பு முதலில் அங்கே உதவட்டும். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து ‘பிக்மி’ எண் வாங்க வேண்டும். 12 வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது. நிதியுதவிக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவை. சூளைக்கோ கரும்புக்கோ வெளியூர் போகிறவர்கள் தாய் சேய் நல அட்டையையும் இந்த எண்ணையும் கையோடு கொண்டுபோக வேண்டும். போன இடத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையைத் தொடரலாம்.

அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழே என்றால் ஆபத்து, உடனே சிகிச்சை வேண்டும். ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் தாங்காத உடம்பு அது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவதில் பயமில்லை. இரவு சாப்பிட்டபின் போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். டீயோடு மட்டும் போடக் கூடாது, மாத்திரையின் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும்.

சாப்பாட்டுக்கு ஆப்பிளும் மாதுளையும் தேடி அலைய வேண்டியதில்லை. முருங்கைக் கீரை, கேழ்வரகுக் களி, முட்டை, நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை எல்லாம் சத்துதான். மாட்டுக்கறியில் உடம்பு எளிதில் ஏற்கும் இரும்புச்சத்து இருக்கிறது. நம்மை இழிவுபடுத்தச் சொல்லப்பட்ட சாப்பாடு அது. ரத்தம் குறைந்த பெண்ணுக்கு அது மலிவான மருந்து. நன்றாக வேகவைத்துக் கூச்சமில்லாமல் கொடுங்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தரும் சத்துமாவையும் கேட்டு வாங்குங்கள். அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருக்கிறது, போகக் கூச்சமாக இருக்கிறது என்றால் அது அந்தப் பெண்ணின் குறையல்ல, கட்டடத்தை அங்கே கட்டியவர்களின் குறை. காலனியிலும் ஒன்று கேட்க வேண்டும்.

வண்டி வருமா?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இது பெரிய சாதனை. ஆனாலும் மழை பெய்த இரவில் வலியெடுத்தால் காலனியின் கடைசி வீட்டுக்கு 108 வண்டி வந்து சேருமா என்ற கேள்வி நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே எட்டாம் மாதமே சில ஏற்பாடுகள் வேண்டும். வண்டி எதுவரை வரும், அதுவரை யார் தூக்கிவருவது என்று முடிவு செய்யுங்கள். ரத்த வகையை எழுதிவைத்து, அதே வகை ரத்தம் உள்ள இளைஞர் இருவரைத் தெருவில் தயாராக வைத்திருங்கள். ஒரு பையில் தாய் சேய் நல அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், துவைத்து நல்ல வெயிலில் காயவைத்த பழைய பருத்திச் சேலை, பிள்ளையைச் சுற்றத் துணி ஆகியவற்றை எடுத்துவையுங்கள். மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, ஆடு மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்பதைக் கணவன்மார் முடிவு செய்து சொல்லிவிட வேண்டும். அந்தக் கவலையில்தான் பல பெண்கள் வலியை மறைத்துக்கொண்டு தாமதிக்கிறார்கள்.

முகமும் கையும் வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, ரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், காய்ச்சல், வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வாசலில் கேட்கும் காசு

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், அறுவைப் பிரசவம், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இதை உறுதிசெய்கிறது. வீடு திரும்பவும் 102 தாய் சேய் நல வாகனம் உண்டு. அப்படியிருந்தும் பிரசவ அறை வாசலில் ஆண் பிள்ளைக்கு ஒரு தொகை, பெண் பிள்ளைக்கு ஒரு தொகை என்று கேட்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சந்தோஷத்துக்குக் கேட்கிறோம் என்பார்கள். கடன் வாங்கிக் கொடுக்கும் காசில் என்ன சந்தோஷம்? 104 எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுப் பேச்சின் மரியாதையைக் குறைப்பவர்களும் உண்டு. வலியில் கிடப்பவளால் அங்கே சண்டை போட முடியாது. உடன் போகிறவர்கள் நாள், நேரம், பணியில் இருந்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சாதியின் பேரால் மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைய விடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

தொப்புள்கொடி அறுத்த கைகள்

ஊர்த்தெருப் பிள்ளைகள் பலரை முதலில் ஏந்திய கைகள் தலித் பெண்களுடையவை, நாவிதர் வீட்டுப் பெண்களுடையவை. தீட்டு என்று மற்றவர் விலகிய வேலையை இவர்கள் தலையில் கட்டினார்கள். அன்றைக்கு உள்ளறைவரை வரச்சொல்லி, மறுநாள் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். புதுச்சேரி அருகே ஒரு கிராமத்துச் சேரியில் மருத்துவச்சியாக இருந்த வீரம்மாவின் வாழ்க்கைக் கதை, அவர் சொல்லச் சொல்ல நூலாகிப் பல மொழிகளில் வந்திருக்கிறது. எத்தனையோ பிரசவம் பார்த்த அவர் தான் பெற்ற 12 பிள்ளைகளில் தப்பியவர் மூவரே. கைத்திறன் இல்லாமல் போன உயிர்கள் அல்ல அவை. மருந்தும் தடுப்பூசியும் போதிய சாப்பாடும் சேரிக்கு வராததால் போன உயிர்கள்.

அந்தப் பாட்டிமார்களின் அனுபவத்தை மதிப்போம். எண்ணெய் தடவி இதமாக நீவுவது, தாலாட்டுவது, பெற்றவளுக்குப் பூண்டும் பால் சுறாப் புட்டும் சமைத்துக் கொடுப்பது எல்லாம் நல்லவை. சில வழக்கங்களை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். மஞ்சளாகச் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது, அதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், வெயில் காலத்திலும் தண்ணீர்கூடத் தேவையில்லை. தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ வைக்காமல் காயவிட வேண்டும். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, உரம் விழுந்தது என்று பிள்ளையைப் புடவையில் போட்டு உருட்டுவது எல்லாம் ஆபத்து. பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைக்கும் பத்தியமும் தவறு. தண்ணீர் குறைந்தால் அவள் உடம்புதான் கெடும்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைக்குச் சூடுதான் உயிர். தாயின் வெற்று மார்போடு பிள்ளையை அணைத்து, மேலே துணியால் மூடிப் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். தகப்பனும் இப்படி வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், வலிப்பு வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சளானாலும், தொப்புளில் சீழ் வைத்தாலும் உடனே மருத்துவமனைதான். தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமானாலும் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. அவள் தூங்காமல், யாரோடும் பேசாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால் பேய் பிடித்தது என்று சொல்லாதீர்கள். அதுவும் சிகிச்சையால் தீருகிற நோய்தான்.

பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகள் முடிந்ததும், 6, 10, 14ஆம் வாரங்களில் அடுத்த தவணைகள் இருக்கின்றன. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கான ஊசி. வேலைக்கு வெளியூர் போய்விட்டால் தவறுவது இவைதான். அட்டை கையில் இருந்தால் எந்த ஊரிலும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் ஒரு பெண் தனியாகச் செய்யக்கூடியவை அல்ல. நம் தெருவில் இன்று எத்தனை பெண்கள் கருவுற்றிருக்கிறார்கள், அவர்களில் யாருக்குப் பிக்மி எண் இல்லை, யார் இன்னும் வேலைக்குப் போகிறார்கள் என்று மகளிர் குழுவும் இளைஞர் மன்றமும் கணக்கெடுக்கட்டும். கடைசி இரண்டு மாதமும் பிரசவமான இரண்டு மாதமும் அவள் வயலுக்குப் போகாமலிருக்க, முறை வைத்து அரிசியும் பருப்பும் கொடுக்க ஒரு தெருவால் முடியும். இழவு வீட்டுக்கு நாம் செய்கிறோமே, பிறப்புக்கும் செய்யலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எழுத்தில் கொடுங்கள்: காலனியின் கடைசி வீடுவரை வண்டி வர சாலை, காலனிக்குள் அங்கன்வாடி, கூலிப் பெண்களுக்கு வேலையில்லா ஆறு மாதமும் கூலிக்கு ஈடான பேறுகால உதவி. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.