முதல் சண்டைக்கு முந்திய பத்து நாள்

விடியற்காலை ஐந்து மணி. சீத்தா கேம்ப் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் குடங்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன. அந்த வேளையில் ஒரு வாலிபர் ஓட்டப் பயிற்சி முடிந்து, வியர்வை சொட்டத் திரும்புகிறார். இன்னும் பத்து நாளில் அவருக்கு முதல் அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டி.

ஏழு மணிக்கு அவர் மான்கூர்டில் ரயில் ஏறவேண்டும். பகல் முழுவதும் மூட்டை சுமக்கும் வேலை. இரவு எட்டு மணிக்கு மறுபடியும் பயிற்சி.

"ஒரு நாள் விட்டாலும் கை மந்தமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அண்ணே" என்றார்.

அந்தப் பயம்தான் ஆபத்து. 1976-ல் அவசரநிலைக் காலத்தில் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் உண்டாக்கிய ஊர் இது. உழைப்பைப் பற்றி இங்கு யாருக்கும் பாடம் தேவையில்லை. ஓய்வைப் பற்றித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

மூட்டையும் பயிற்சியே

முழுநேர வீரர்களின் அட்டவணையை நம் இளைஞர்கள் அப்படியே பின்பற்றக்கூடாது. அரிசி மூட்டை தூக்குவதும், மணல் மூட்டையைக் குத்துவதும் ஒரே தோள்தான். சுமை அதிகமான நாளில், காலை ஓட்டத்தை விட்டுவிட்டு, மாலையில் கொஞ்சம் நிழல் சண்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பயிற்சியின்போது தசை களைக்கிறது. உண்ணும்போதும் உறங்கும்போதும்தான் அது தேறிப் பலம் பெறுகிறது. கடும் பயிற்சியில் கரைந்த சக்தி மீண்டும் நிரம்ப ஒரு முழு நாளாவது ஆகும். சில சமயம் இரண்டு நாள் பிடிக்கும்.

காசில்லாத சோதனை ஒன்று உண்டு. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல் நாடியை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். வழக்கமாக 60 இருப்பது 70 ஆகிவிட்டால், உடல் தேறவில்லை என்று சந்தேகிக்கலாம். பசியின்மை, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவையும் அதே எச்சரிக்கைதான்.

கடைசி வாரம்

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே எதிராளியோடு மோதும் பயிற்சியை நிறுத்திவிடலாம். மற்றப் பயிற்சிகளின் அளவைப் பாதியாக்கலாம். வேகத்தைக் குறைக்க வேண்டாம். ஆறு ரவுண்டு செய்தவர் மூன்று ரவுண்டு செய்யட்டும். கை மட்டும் அதே விறுவிறுப்போடு போகட்டும். முந்திய நாள் சற்று நடந்தால் போதும்.

பெரியவர்களின் அமெச்சூர் போட்டி மூன்று ரவுண்டு. ரவுண்டுக்கு மூன்று நிமிஷம். இடையே ஒரு நிமிஷ ஓய்வு. சண்டை மொத்தம் ஒன்பதே நிமிஷம். அதற்குள் கொட்டவேண்டிய பலத்தை முதல் நாளே செலவழித்துவிட்டால் என்ன பயன்?

அலிக்கு நேர்ந்தது

எடை குறைக்கப் பட்டினி கிடப்பதும், தண்ணீர் குடிக்காதிருப்பதும் இன்னொரு தவறு. 1980-ல் சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை செய்த முகமது அலியை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 38-வது வயதில், அவர் லாரி ஹோம்ஸுடன் மோதினார். உடம்பை மளமளவென்று இளைக்க வைத்திருந்தார். பார்வைக்கு வாலிபர் போலிருந்தார், கையில் பலமில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அவருடைய பயிற்சியாளரே சண்டையை நிறுத்தவேண்டியதாயிற்று. அலிக்கே இந்தக் கதி என்றால் புதியவர் எம்மாத்திரம்?

பயிற்சியில் தலையில் அடிபட்டபின் தலைவலியோ மயக்கமோ வந்தால், வாத்தியாரிடம் மறைக்கவே கூடாது. உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும். தலையில் விழுந்த குத்தால் தோற்றவர் குறைந்தது 30 நாள் மோதக்கூடாது என்பது சர்வதேச அமெச்சூர் விதி. போட்டி மறுபடி வரும். மூளை மறுபடி வராது.

கூலியா, ஓய்வா?

இவ்வளவும் கேட்ட வாலிபர், "வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகுமே" என்றார். நியாயமான கேள்வி. ஓய்வுக்கும் நம்மவர்கள் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. கடைசியில், போட்டிக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் லீவு எடுப்பதாக முடிவு செய்தார். இரண்டு நாள் கூலி நஷ்டம்தான்.

அவருடைய தாயார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தோற்றாலும் பரவாயில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து போப்பா" என்றார்.

எந்த வாத்தியாரும் இதைவிட நல்ல யோசனை சொல்லிவிட முடியாது. தம்பி வெற்றியோடு திரும்ப வாழ்த்துவோம்.