கூந்தலுக்கு 52 நாள் ஓய்வு

தம்பானூருக்குக் குடிவந்த புதிதில், மீன்காரச் சேச்சி வாசலில் கூடையை இறக்கி, "கூந்தல் வேணோ?" என்று கேட்டதும் என் மனைவி திகைத்துப் போனாள். நம் ஊர் ஊசிக் கணவாய்தான் இங்கே கூந்தல் என்பது, கூடையைப் பார்த்த பிறகே விளங்கிற்று. ஓடுள்ள வகையை மட்டும் இவர்கள் 'கணவ' என்கிறார்கள்.

ஜூன், ஜூலையில் கூந்தல் அருமையாகிவிடும். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை கேரளக் கடலில் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது. 1988 முதல் இருந்துவரும் மழைக்காலத் தடை. 2018 முதல் 52 நாள். நாட்டுப் படகுகளுக்குத் தடையில்லை என்பதால் விழிஞ்ஞத்துத் தூண்டில்காரர்கள் கொண்டுவருவது கொஞ்சம் கிடைக்கும். நம் குமரி மாவட்டத்தில் இன்னும் விசேஷம்: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, குளச்சலிலோ ஜூன், ஜூலை. ஒரே மாவட்டம், இரண்டு கடல், இரண்டு கணக்கு!

இந்த ஓய்வால் கூந்தலுக்குப் பலன் உண்டா? அதன் ஆயுளே ஏறத்தாழ ஓராண்டுதான். முட்டையிட்டபின் தாய் இறந்துவிடும். ஆகவே போன ஆண்டின் இருப்பு என்று கடலில் ஏதும் இராது. புதிதாய்ப் பொரித்தவைதான் அடுத்த அறுவடை. விரல் போன்ற கூழ்ப் பைகளில் முட்டைகளைக் கடலடியில் ஒட்டிவைக்கும். அடியை வழித்துச் செல்லும் இழுவலை அவற்றையும் சிதைக்கும். ஓராண்டு ஆயுளில் 52 நாள் என்பது ஏழில் ஒரு பங்கு. ஆழத்துச் சத்துநீர் மேலெழும்பி இரை பெருகும் பருவமும் அதுவே. குஞ்சுகள் பருக்க நல்ல காலம்.

ஆனால் இது ஏறக்குறைய ஆண்டு முழுதும் முட்டையிடும் இனம். தடை காப்பது ஒரு பகுதியைத்தான். ஆகஸ்டு பிறந்ததும் கொல்லத்து நீண்டகரை, சக்திகுளங்கரைப் படகுகள் ஒருசேரப் புறப்படும். சிறுகண்ணி வலையால் குஞ்சுகளையும் வாரிவிட்டால், படகுத் தொழிலாளர்கள் 52 நாள் வருமானமின்றி இருந்தது வீண்தானே? அதனால்தான் தலையும் கைகளும் நீங்கலாக 80 மில்லிமீட்டருக்குக் குறைந்த கூந்தலைப் பிடிக்கக் கூடாதென்று கேரளத்தில் விதி இருக்கிறது. என்னைக் கேட்டால், தடையைவிட இவ்விதிதான் பெரிய காவல்.

போன ஆகஸ்டில் ஒருநாள் சுண்டுவிரலளவுக் கூந்தலைக் கூறுகட்டி விற்றார்கள். மிகவும் மலிவு. வாங்காமல் வெறும் பையோடு திரும்பினேன். வீட்டில் காரணம் சொல்லி முடிப்பதற்குள் சாம்பார் கொதித்துவிட்டது.